கிரீ மொழியில் ‘வளர்தல்’ சொற்கள் உருவாகும் விதம்: படிப்படியான முழு வழிகாட்டி

வட அமெரிக்காவின் அல்ஜிக் மொழிக்குடும்பத்திற்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனையில், கலிபோர்னியாவின் வடமேற்கில் கிளாமத் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வழங்கிய யூரோக் மொழியும் அதன் அண்டை மொழியான வியோட்டும் நிற்கின்றன. மறுமுனையில் கிரீ, ஒஜிப்வே முதலிய அல்கோன்குவியன் மொழிகள் பரந்து கிடக்கின்றன. இவ்விரு முனைகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று 1913இல் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் முன்வைத்த கருத்து நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1958இல் மேரி ஹாஸ் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே அந்தச் சர்ச்சை ஓய்ந்தது. இக்குடும்பத்தில் வினைச்சொல் கட்டப்படும் முறையை ஒரே ஒரு பொருளை வைத்துக் கற்க வேண்டுமானால், ‘வளர்தல்’ என்பதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. கனடாவின் சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களில் பேசப்படும் சமவெளிக் கிரீயை, அதாவது அம்மக்கள் ‘நேஹியவேவின்’ என்று அழைக்கும் மொழியை, எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. யூரோக்கோடு ஒப்பிடத்தக்க இடங்கள் வரும்போது அவையும் சுட்டப்படும்.

தமிழில் வளர், முளை, துளிர், தழை, விளை என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி வேர்ச்சொல் இருக்கிறது. கிரீயில் ‘வளர்’ என்று தனித்து நிற்கும் வேர் கிடையாது. வளர்ச்சி என்னும் பொருள் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. எப்படி வளர்கிறது, எந்தப் பக்கமாக வளர்கிறது என்பதைச் சொல்லாமல் அந்த வாலை வாய்விட்டு உச்சரிக்கவே முடியாது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாக விளங்கும்.

முதற்படி: ஒலிகளைத் தமிழ் எழுத்தில் வாசித்தல்

கிரீயில் க–ga, ப–ba போன்ற வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை என்று சொல்ல நான் ரோமன் எழுத்தை நாட வேண்டியதில்லை. தமிழரிடம் ‘பல்லில் வரும் பகரமும் கம்பத்தில் வரும் பகரமும் ஒரே எழுத்து’ என்றால் போதும், அதுவே கிரீக்கும் பொருந்தும். ஆகவே தமிழ் எழுத்து இம்மொழிக்கு வியக்கத்தக்க அளவு இசைந்து வருகிறது. நெடில், குறில் வேறுபாட்டை மட்டும் கண்டிப்பாகக் காக்க வேண்டும். ஏகாரத்திற்குக் குறில் இணை இல்லை; அது எப்போதும் நெடிலாகவே வரும். ‘ஹ்’ என்பது மெய்க்கு முன் வரும்போது மெல்லிய மூச்சாக ஒலிக்கிறது; அதை விழுங்கிவிடக் கூடாது. ‘ச’ என்று இங்கே எழுதப்படுவது ‘பச்சை’யில் வரும் ஒலியை ஒத்தது, ‘ஸ’ வேறு, ‘ச’ வேறு.

இரண்டாம் படி: வாலை அடையாளம் காணுதல்

பின்வரும் சொற்களைப் பாருங்கள்.

ஒஹ்பிகின் – அது (மேலெழுந்து) வளர்கிறது
ஸாகிகின் – அது முளைவிட்டு வெளிவருகிறது
நிஹ்தாவிகின் – அது முளைத்து வளர்கிறது
மியொகின் – அது நன்றாக வளர்கிறது

நான்கிலும் பொதுவாக நிற்பது ‘-இகி-’ என்னும் பகுதி (நான்காவதில் அதன் முதல் இகரம் ஏன் தெரியவில்லை என்பதை மூன்றாம் படியில் காண்போம்). இதுவே வளர்ச்சியைக் குறிக்கும் கடையுறுப்பு. அல்கோன்குவியன் மொழிகளின் வினையடியைத் தலையுறுப்பு, இடையுறுப்பு, கடையுறுப்பு என மூன்றாகப் பகுத்துக் காணும் முறை, 1925இல் சஸ்காட்சுவானின் ஸ்வீட் கிராஸ் என்னும் பழங்குடி ஒதுக்கிடத்தில் தங்கிக் கிரீக் கதைகளைத் திரட்டிய மொழியியலாளர் லெனர்ட் புளூம்ஃபீல்டின் எழுத்துகளால் நிலைபெற்றது. தலையும் கடையும் கட்டாயம் வேண்டும். இடை வரலாம், வராமலும் இருக்கலாம்.

பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது பழக்கப்பட்டதுபோல் தோன்றும், ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். தமிழ்ப் பகுபதத்தில் பொருளின் சுமை முழுவதையும் பகுதி தாங்குகிறது. விகுதி திணை, பால், எண், இடம் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. கிரீயிலோ ‘வளர்தல்’ போன்ற முழுப்பொருளே கடையில் அமர்ந்திருக்க, தலையுறுப்பு அதன் திசையையோ தன்மையையோ சொல்கிறது. ஆகையால் அகராதியில் முதலெழுத்தை வைத்து ‘வளர்தல்’ சொற்களைத் தேடுபவர் அவற்றை ஒரே இடத்தில் காணமாட்டார். அவை அகராதி முழுவதும் சிதறிக் கிடக்கும்.

மூன்றாம் படி: தலையுறுப்பைப் பிரித்துப் பொருள் காணுதல்

ஒரு தலையுறுப்பின் பொருளை அறிய, அதே தலை வேறு கடைகளோடு எப்படி வருகிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி.

‘ஒஹ்ப்-’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘ஒஹ்பினம்’ என்றால் ஒன்றைக் கையால் தூக்குகிறார் என்று பொருள். ‘ஒஹ்பஹொவ்’ என்றால் பறவை மேலே எழும்பிப் பறக்கிறது. குஞ்சுகள் சிறகு முற்றிப் பறக்கத் தொடங்கும் ஆகஸ்டு மாதத்திற்கு ‘ஒஹ்பஹொவிபீஸிம்’, அதாவது ‘பறந்தெழும் திங்கள்’ என்று பெயர். ‘பீஸிம்’ என்பது கதிரவனையும் நிலவையும் மாதத்தையும் குறிக்கும். மூன்றிலும் பொதுவாக இருப்பது ‘மேல்நோக்கி’ என்னும் கருத்து. எனவே ‘ஒஹ்பிகின்’ என்பதை உறுப்புறுப்பாகப் பெயர்த்தால் ‘மேல்-வளர்-கிறது’ என்று வரும்.

அடுத்தது ‘ஸாக்-’. சூரியன் உதிப்பதற்கு ‘ஸாகாஸ்தேவ்’ என்பார்கள். அதன் பிற்பகுதி ஒளி வீசுதலைக் குறிக்கிறது. சஸ்காட்சுவானின் வடக்கே, பிரெஞ்சுப் பெயரில் ஈல்-அ-லா-குரோஸ் எனப்படும் பழைய குடியிருப்புக்குக் கிரீப் பெயர் ‘ஸாகிதவாஹ்க்’. ஆறு வெளியே வந்து கலக்கும் இடம் என்பது அதன் பொருள். ஒன்றுக்குள்ளிருந்து பாதி வெளிப்படுதல் என்பதே ‘ஸாக்-’கின் கருத்து என்று இவற்றால் தெரிகிறது. மண்ணுக்குள்ளிருந்து பச்சை முனை தலைகாட்டும்போது ‘ஸாகிகின்’ என்பது எவ்வளவு துல்லியமான சொல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழ் ‘முளை’க்கு மிக அருகில் வருவது இதுவே.

மூன்றாவதான ‘நிஹ்தாவ்-’ சற்று முரண்டு பிடிக்கும். இதன் உறவுச்சொல்லான ‘நிஹ்தா-’ திறமையைக் குறிக்கிறது: ‘நிஹ்தா-நிகமொவ்’ என்றால் அவர் நன்றாகப் பாடுவார். ஆனால் ‘நிஹ்தாவிகிவ்’ என்றால் அவர் பிறக்கிறார் என்று பொருள். ‘நன்றாக’ என்பதையும் ‘வளர்’ என்பதையும் கூட்டிப் பொருளை வருவிக்க முயல்பவர் இங்கே வழி தவறுவார். எல்லாச் சொற்களையும் கணக்குப்போல் கூட்டிப் பொருள் காண முடியாது. சிலவற்றை அப்படியே மனத்தில் பதிக்கத்தான் வேண்டும். அண்டை மொழியான ஒஜிப்வேயிலும் இதே சொல் ‘நிதாவிகி’ என்று பிறப்புக்கும் மனித வளர்ச்சிக்கும், ‘நிதாவிகின்’ என்று செடியின் வளர்ச்சிக்கும் வழங்குவதால், இந்தப் பொருள்மாற்றம் மிகப் பழையது என்று கொள்ளலாம்.

நான்காவது ‘மியொகின்’. இதன் தலை ‘மிய்வ்-’, அதாவது ‘நல்ல’. ‘மிய்வாஸின்’ (அது நன்றாக இருக்கிறது) என்னும் சொல்லில் அது உருமாறாமல் தெரிகிறது. ஆனால் மெய்யை அடுத்து வரும் ‘வ்’ உடன் ‘இ’ சேரும்போது இரண்டும் இணைந்து ‘ஒ’ ஆகிவிடும். மிய்வ் + இகின் என்பது மியொகின் ஆவது இந்தப் புணர்ச்சியால்தான். சொல்லைப் பிரிக்கும்போது ‘-இகி-’ கண்ணில் படவில்லையே என்று கைவிடாமல், ‘ஒ’ இருக்கும் இடத்தில் ‘வ்+இ’யைத் தேடிப் பாருங்கள்.

நான்காம் படி: இடையுறுப்பு

வளரும் பொருளையும் சொல்லுக்குள்ளேயே வைக்க இடையுறுப்பு உதவுகிறது. ‘ஸாகிபகாவ்’ என்றால் இலை துளிர்க்கிறது. இதில் ‘ஸாக்-’ தலை, ‘-பக்-’ இலை, இறுதியில் நிற்பது நிலையைக் குறிக்கும் கடை. தலைக்கும் இடைக்கும் நடுவே சாரியைபோல் ஓர் இகரம் வருகிறது. இலையைத் தனிச்சொல்லாகச் சொல்ல வேண்டுமானால் ‘நீபிய்’ என்பார்கள்; ‘-பக்-’ என்பதற்கும் அதற்கும் வடிவத் தொடர்பு இல்லை. மே மாதம் ‘ஸாகிபகாவிபீஸிம்’, துளிர்க்கும் திங்கள். இங்கே ‘-இகி-’ இல்லாமலே ஒருவகை வளர்ச்சி சொல்லப்பட்டுவிடுவதைக் கவனியுங்கள்.

மரம், தடி போன்ற நீண்ட திண்ணிய பொருளுக்கு ‘-ஆஸ்க்வ்-’ என்னும் இடையுறுப்பு உண்டு. ‘கின்வாஸ்கொஸிவ்’ என்றால் (மரம்) உயரமாக இருக்கிறது. பொருள்களை வடிவத்தால் வகுக்கும் இந்தப் பழக்கத்தை யூரோக் வேறோர் இடத்தில் காட்டுகிறது: அங்கே எண்ணுப்பெயர்கள் எண்ணப்படுவது மனிதரா, விலங்கா, உருண்டைப் பொருளா என்பதற்கேற்ப வடிவம் மாறுகின்றன.

ஐந்தாம் படி: வளர்வது உயிர்ப்பாலா, உயிரில்பாலா என்று முடிவு செய்தல்

தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். அதனால் சற்று நிதானமாகப் பார்ப்போம். கிரீயில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் உயிர்ப்பால் அல்லது உயிரில்பால் என்னும் இரண்டில் ஒன்றைச் சேரும். வினையின் கடையும் அதற்கேற்ப மாறும். ‘ஒஹ்பிகிவ்’ என்பது உயிர்ப்பாலுக்கு, ‘ஒஹ்பிகின்’ என்பது உயிரில்பாலுக்கு.

உயர்திணை, அஃறிணை என்னும் நம் பகுப்பை இதன்மேல் ஏற்றிவிடக் கூடாது. விலங்குகள் உயிர்ப்பால் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. கல் (அஸினிய்), கரண்டி (ஏமிஹ்க்வான்) ஆகியவையும் உயிர்ப்பால் என்பதுதான் பகுத்தறிவை நம்பிப் படிப்பவரைத் திகைக்க வைக்கும். செடிகொடிகளில் நிலைமை இன்னும் சுவையானது. ‘மிஸ்திக்’ என்னும் சொல் நிற்கும் மரத்தைக் குறிக்கும்போது உயிர்ப்பால். அதன் பன்மை ‘மிஸ்திக்வக்’. அதே சொல் வெட்டிய தடியைக் குறிக்கும்போது உயிரில்பால், பன்மை ‘மிஸ்திக்வ’. புல் (மஸ்கொஸிய்) உயிரில்பால். ராஸ்பெர்ரி (அயோஸ்கன்) உயிர்ப்பால்; ஸ்ட்ராபெர்ரியோ (ஒதேஹிமின், ‘நெஞ்சுக்கனி’ என்பது சொற்பொருள்) உயிரில்பால். ஆகவே ஒரே புதரோரத்தில் இரண்டும் வளர்ந்தாலும் வினை வேறுபடும்:

அயோஸ்கனக் ஒஹ்பிகிவக் – ராஸ்பெர்ரிகள் வளர்கின்றன
ஒதேஹிமின ஒஹ்பிகின்வ – ஸ்ட்ராபெர்ரிகள் வளர்கின்றன

பெயரின் பாலைக் காரணம் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. பெயரைக் கற்கும்போதே அதன் பன்மையையும் சேர்த்துக் கற்பதுதான் பயன்தரும் உத்தி: ‘-அக்’ என முடிந்தால் உயிர்ப்பால், ‘-அ’ என முடிந்தால் உயிரில்பால்.

ஆறாம் படி: இடமும் எண்ணும் சேர்த்தல்

உயிர்ப்பால் வினையில் தன்மை, முன்னிலைக்கு முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்து வரும்.

நிதொஹ்பிகின் – நான் வளர்கிறேன்
கிதொஹ்பிகின் – நீ வளர்கிறாய்
ஒஹ்பிகிவ் – அவன், அவள் வளர்கிறார்
நிதொஹ்பிகினான் – நாங்கள் வளர்கிறோம்
கிதொஹ்பிகினவ் – நாம் வளர்கிறோம்
கிதொஹ்பிகினாவாவ் – நீங்கள் வளர்கிறீர்கள்
ஒஹ்பிகிவக் – அவர்கள் வளர்கிறார்கள்

நாங்கள், நாம் என்னும் வேறுபாட்டை ஆங்கில வழிக் கல்வியில் பாடம் பாடமாக விளக்குவார்கள். தமிழருக்கு அது ஒரு வரிதான். ‘நாம்’ என்பதில் கேட்பவரும் அடங்குவதால் அதற்கு முன்னிலையின் ‘கி-’யே முன்னொட்டாகிறது. ‘நி-’, ‘கி-’ என்னும் இவ்விரு முன்னொட்டுகளுக்கும் இணையாக யூரோக்கின் உடைமைச் சொற்களில் ‘நெ-’ (என்), ‘கெ-’ (உன்) வருகின்றன. சபீரின் கருதுகோளுக்கு வலுவூட்டிய சான்றுகளில் இவையும் அடங்கும்.

இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். முதலாவது, ‘நி’க்கும் ‘ஒஹ்’க்கும் இடையே வரும் தகரம்: உயிரெழுத்தில் தொடங்கும் அடிக்கு முன் மட்டுமே அது உடம்படுமெய்போல் தோன்றும். இரண்டாவது, இறுதி ‘ன்’. ‘ஒஹ்பிகின்’ (அது வளர்கிறது) என்பதில் அது உயிரில்பாலின் அடியைச் சேர்ந்தது; ‘நிதொஹ்பிகின்’ (நான் வளர்கிறேன்) என்பதிலோ அது தன்மை, முன்னிலை காட்டும் விகுதி. எழுத்து ஒன்று, வேலை இரண்டு. முன்னொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ‘ன்’ எதைச் சேர்ந்தது என்று தீர்மானிக்க வேண்டும்.

ஏழாம் படி: ‘வளர்’ என்பதை ‘வளர்ப்பி’ ஆக்குதல்

தமிழில் வளர்கிறான், வளர்க்கிறான் என்று வல்லினம் மிகுவதால் தன்வினை பிறவினை ஆகிறது. கிரீயில் அடியோடு ஓர் உறுப்பு சேர்கிறது. எது சேரும் என்பதை வளர்க்கப்படுவதன் பால் முடிவு செய்கிறது. உயிர்ப்பாலை வளர்த்தால் ‘-ஹ்-’: ஒஹ்பிகிஹேவ் (அவர் அவனை வளர்க்கிறார்). உயிரில்பாலை வளர்த்தால் ‘-ஹ்தா-’: ஒஹ்பிகிஹ்தாவ் (அவர் அதைப் பயிரிட்டு வளர்க்கிறார்). ‘நிதொஹ்பிகிஹ்தான் அஸ்கிப்வாவ’ என்றால் நான் உருளைக்கிழங்கு பயிரிடுகிறேன்.

குழந்தையை வளர்ப்பதைச் சொல்லும் தொடரில் இம்மொழியின் இன்னோர் இயல்பு வெளிப்படும்:

நிதொஹ்பிகிஹாவ் – நான் அவனை வளர்க்கிறேன்
நிதொஹ்பிகிஹிக் – அவர் என்னை வளர்க்கிறார்

யார் யாரை வளர்த்தாலும் முன்னொட்டு ‘நி-’ என்றே நிற்கிறது. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் படர்க்கையைவிட முதலிடம் உண்டு. அந்த இடத்தை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. செயல் அவர்களிடமிருந்து போகிறதா, அவர்களை நோக்கி வருகிறதா என்பதை ‘-ஆ-’, ‘-இக்’ என்னும் பின்னுறுப்புகளே காட்டுகின்றன. ‘நோஹ்கொம் நிகீ-ஒஹ்பிகிஹிக்’, அதாவது ‘என்னைப் பாட்டிதான் வளர்த்தார்’ என்னும் தொடரில், தமிழில் எழுவாயாக நிற்கும் பாட்டிக்கு வினையில் முன்னொட்டு இல்லை. வளர்க்கப்பட்ட ‘நான்’தான் வினையின் வாசலில் நிற்கிறேன். இதைச் செயப்பாட்டுவினை என்று தவறாகக் கருதிவிடக் கூடாது. ‘பாட்டியால் வளர்க்கப்பட்டேன்’ என்ற வறட்டுத்தன்மை அதில் சிறிதும் இல்லை.

செயப்படுபொருளைச் சொல்லுக்குள்ளேயே அடக்கும் வழியும் உண்டு. ‘ஒஹ்பிகிஹாவஸொவ்’ என்றால் அவர் பிள்ளை வளர்க்கிறார். ‘-ஆவஸொ-’ என்பது குழந்தையைச் சார்ந்த செயல்களுக்கென்றே உள்ள கடை. தாய் பாலூட்டுவதைக் குறிக்கும் ‘நோஹாவஸொவ்’ என்னும் சொல்லிலும் அதே கடையைக் காணலாம்.

எட்டாம் படி: பெயர்ச்சொல் ஆக்குதல்

வினையோடு ‘-வின்’ சேர்த்தால் தொழிற்பெயர் கிடைக்கும்: ஒஹ்பிகிஹாவஸொவின் (பிள்ளை வளர்ப்பு). மொழியின் பெயரான நேஹியவேவின் என்பதிலும் இதே விகுதிதான் உள்ளது.

விளைபொருளுக்குப் பெயர் ஆக்குவது சற்று நீளமான வேலை. நிஹ்தாவிகிஹ்தாவ் (அதை வளர்க்கிறார்) என்பதிலுள்ள ‘நிஹ்தாவிகிஹ்த்-’ என்னும் அடியோடு, பொதுவாகப் பல பொருள்களைக் குறிக்கும் ‘-இகே-’ சேர்க்கிறோம். இந்த ‘-இகே-’க்கு முன் அடியின் தகரம் சகரமாகும். எனவே ‘நிஹ்தாவிகிஹ்சிகேவ்’, அதாவது அவர் செடிகொடிகளைப் பயிரிடுகிறார். இறுதியில் ‘-கேவ்’ இருந்த இடத்தில் ‘-கன்’ வைத்தால் ‘நிஹ்தாவிகிஹ்சிகன்’: பயிரிட்டு வளர்த்தது, தோட்டம். வயலையும் தானியத்தையும் குறிக்கும் ‘கிஸ்திகான்’ என்ற வேறு சொல்லும் அன்றாட வழக்கில் உள்ளது. அது ‘-இகி-’ குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

ஒன்பதாம் படி: முன்வினைகளைச் சேர்த்தல்

வினைக்கு முன் தனி அசைகளாக நின்று காலம், விருப்பம், போக்கு ஆகியவற்றைக் காட்டுபவை முன்வினைகள். ‘கீ-’ இறந்தகாலம், ‘வீ-’ செய்யவிருத்தல், ‘நோஹ்தே-’ விருப்பம், ‘கீஸி-’ முடித்தல். ‘கீஸி-ஒஹ்பிகிவ்’ என்றால் அவர் முழுதாக வளர்ந்துவிட்டார். முன்வினை மெய்யில் தொடங்கினால், ஆறாம் படியில் பார்த்த உடம்படு தகரம் மறைந்துவிடும்: நிதொஹ்பிகின், ஆனால் நிகீ-ஒஹ்பிகின்.

இவற்றுள் ‘பே-’, ‘அதி-’ என்ற இரண்டும் தமிழ்க் காதுக்கு உடனே புரிபவை. ‘பே-’ பேசுபவரை நோக்கிய வரவைக் காட்டும்; ‘அதி-’ மெல்ல மெல்லத் தொடர்ந்து செல்வதைக் காட்டும். ‘வளர்ந்து வந்தேன்’, ‘வளர்ந்துகொண்டே போகிறது’ என்று நாம் வா, போ என்னும் துணைவினைகளால் காலத்தின் ஓட்டத்தைக் காட்டுவதுபோல, கிரீ அதை வினைக்கு முன்னால் வைத்துக் காட்டுகிறது.

மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காட்ட, கிரீ முதல் அசையை இரட்டிக்கும். யூரோக்கிலும் இரட்டித்தல் உண்டு. அதோடு சொல்லின் வயிற்றுக்குள் ‘-எக்-’ என்னும் உட்செருகலை நுழைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ‘லாய்-’ என்றால் கடந்து செல். ‘லெகாய்-’ என்றால் வழக்கமாகக் கடந்து செல்.

பத்தாம் படி: சார்பு வடிவம்

தனி வாக்கியமாக இல்லாமல் ‘வளர்கையில்’, ‘வளர்கிற’ என்று சார்ந்து வரும்போது முன்னொட்டுகள் எல்லாம் விலகி, இடமும் எண்ணும் முழுக்கப் பின்னொட்டுக்கு மாறுகின்றன. முன்னால் ‘ஏ-’ அல்லது ‘கா-’ நிற்கும்.

ஏ-ஒஹ்பிகியான் – நான் வளர்கையில்
ஏ-ஒஹ்பிகித் – அவர் வளர்கையில்
ஏ-ஒஹ்பிகிக் – அது வளர்கையில்
கா-ஒஹ்பிகிக் – வளர்கிற அது

உயிரில்பால் வடிவில் அடியின் ‘ன்’ ககரத்துக்கு முன் கெட்டுவிடுவதைக் கவனியுங்கள். ஆகவே இவ்வடிவத்தில் உயிர்ப்பாலுக்கும் உயிரில்பாலுக்கும் உள்ள வேறுபாடு ‘-த்’, ‘-க்’ என்னும் இறுதி மெய்யளவே.

இப்போது ஒரு முழுச் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். முதியவர்கள் தங்கள் இளமைக் காலத்தைச் சொல்லத் தொடங்கும்போது பயன்படும் வடிவம் இது: ‘ஏ-கீ-பே-ஒஹ்பிகியான்’. ‘ஏ-’ சார்பு; ‘கீ-’ கடந்த காலம்; ‘பே-’ அங்கிருந்து இன்றுவரை வந்த வழி; ‘ஒஹ்ப்-’ மேல்நோக்கி; ‘-இகி-’ வளர்தல்; ‘-யான்’ நான். நாம் ‘நான் வளர்ந்து வந்தபோது’ என்று மூன்று சொல்லில் சொல்வதை, ஆறு உறுப்புகள் ஒரே சொல்லாக நின்று சொல்கின்றன.